அமெரிக்க கன்சர்வேட்டிவ் அரசியல் பேச்ச பெங்களூர்ல உக்காந்து புரிஞ்சுக்கறது எப்படி

எச்1பி (வெளிநாட்டு ஆளுங்களுக்கு குடுக்கற அமெரிக்க வேலை விசா), டேரிஃப் (இறக்குமதி வரி), அவுட்சோர்சிங் டாக்ஸ், ஏஐ சட்டம்னு வாஷிங்டன்ல எது பேசினாலும் அது ஒயிட்ஃபீல்டுலயோ மான்யதாலயோ எலக்ட்ரானிக் சிட்டிலயோ யாரோ ஒருத்தர் சம்பளத்துல வந்து நிக்குது, ஆனா அந்த பேச்சு நம்ம போனுக்கு வரும்போது முழுசா வர்றதில்ல, யாரோ ஒரு பாட்காஸ்ட்காரர் கத்தின கிளிப்பா வருது, இல்லன்னா செவப்பு எழுத்துல பிரேக்கிங்னு போட்ட ஃபார்வர்டா வருது. அத நம்பி வேலை மாறலாமா, பையன எம்எஸ் அனுப்பலாமா, வீட்ட அடமானம் வச்சு லோன் போடலாமான்னு முடிவெடுக்கறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தமா இருக்கு. அதனால அமெரிக்க வலதுசாரிங்க பேசறத நான் எப்படி படிக்கறேன், அதுல எது நெஜமாவே நம்ம மேல வந்து விழும்னு எப்படி பிரிச்சு பாக்கறேன்னு எழுதறேன். அவங்கள திட்டறதுக்காக எழுதல. அரசாங்கம் கையில அதிகாரம் கொறைவா இருக்கணும், சட்டத்த கோர்ட் இழுத்து எழுதக்கூடாதுங்கற மாதிரி அவங்களோட அடிப்படை கருத்து பலதையும் நானும் ஒத்துக்கறவன்தான்.

முதல்ல பேசறவர் எந்த கோஷ்டின்னு பாருங்க

"ட்ரம்ப் ஆளுங்க எல்லாம் நமக்கு எதிரி"ன்னோ "எல்லாம் நமக்கு ஃப்ரெண்ட்"னோ ஒரே வரில முடிச்சா ஒண்ணும் புரியாது. திராவிட இயக்கம்னு ஒரே பேர சொன்னாலும் உள்ள எத்தன கட்சி, எத்தன சண்டைன்னு நமக்கு தெரியும்ல, கன்சர்வேட்டிவ்ங்கற பேரும் அப்படித்தான்.

ஒரு கோஷ்டி பழைய மார்க்கெட் ஆளுங்க. வால் ஸ்ட்ரீட் ஜர்னலோட தலையங்கப் பக்கம், அதுக்கு பக்கத்துலயே லிபர்டேரியன்னு சொல்லிக்கற கேட்டோ இன்ஸ்டிட்யூட், இவங்க டேரிஃப எதிர்ப்பாங்க, படிச்சவங்க அமெரிக்காவுக்கு வர்றது நல்லதுதான்னு சொல்வாங்க. ரெண்டாவது கோஷ்டி அமெரிக்க தொழிலாளி பக்கம் நிக்கறதா சொல்றவங்க, ட்ரம்ப்போட பழைய ஆலோசகர் ஸ்டீவ் பேனன், செனட்டர் ஜாஷ் ஹாலி, 2020ல அமெரிக்கன் காம்பஸ் ஆரம்பிச்ச ஓரன் காஸ் மாதிரி ஆளுங்க, இவங்களுக்கு பெரிய கம்பெனி மேலயே சந்தேகம், சிலிகான் வேலி மேல இன்னும் அதிகம். மூணாவது டெக் வலது, ஈலான் மஸ்க், டேவிட் சாக்ஸ் வகையறா. 1973ல ஆரம்பிச்ச ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் ரீகன் காலத்துல முதல் கோஷ்டில இருந்துச்சு, இப்ப ரெண்டாவது பக்கம் நல்லாவே நகர்ந்துடுச்சு, அதனால ஒரு அமைப்போட பழைய பேர மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

ரெண்டாவது கோஷ்டியும் மூணாவது கோஷ்டியும் மோதிக்கிட்டத 2024 டிசம்பர்ல நேரடியா பாத்தோம். சென்னைல பொறந்து எஸ்ஆர்எம்ல படிச்ச ஸ்ரீராம் கிருஷ்ணன ஏஐ ஆலோசகரா ட்ரம்ப் அறிவிச்சாரு, க்ரீன் கார்டுக்கு நாடு வாரியா இருக்கற கோட்டாவ எடுக்கணும்னு அவர் முன்னாடி சொன்னத தோண்டி எடுத்து ட்ரம்ப் ஆதரவு வலதுசாரியான லாரா லூமர் சண்டைக்கு நின்னாங்க, மஸ்க்கும் விவேக் ராமசாமியும் எச்1பிக்கு ஆதரவா இறங்கினாங்க, பேனன் எதிர்த்து இறங்கினாரு, கடைசில ட்ரம்ப் எனக்கு இந்த விசா எப்பவுமே புடிக்கும்னு நியூயார்க் போஸ்ட்கிட்ட சொன்னாரு. நம்ம ஊர்ல பல பேர் அதோட பிரச்சனை முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தாங்க. ஒம்போது மாசத்துல அதே ட்ரம்ப் புது எச்1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணும்னு கையெழுத்து போட்டாரு. ஆக, தலைவர் ஒரு பேட்டில என்ன சொன்னாருங்கறத விட அந்த மாசம் எந்த கோஷ்டி கை ஓங்கியிருக்குன்னு பாக்கறதுதான் உபயோகம்.

அடுத்தது, இது எந்த காகிதம்னு கேளுங்க

ஒரு செய்தி வந்தா இது நடக்குமான்னு கேக்காதீங்க, இத நடத்த யார் கையில அதிகாரம் இருக்குன்னு கேளுங்க. இந்த கேள்விய சொல்லிக் கொடுத்ததே அமெரிக்க கன்சர்வேட்டிவ் வக்கீலுங்கதான், 1982ல இருந்து ஃபெடரலிஸ்ட் சொசைட்டிகாரங்க கேட்டுக்கிட்டே இருக்கறது இதத்தான். சோஷியல் மீடியா போஸ்ட் வெறும் பேச்சு. காங்கிரஸ்ல (அங்கத்த பார்லிமெண்ட்) ஒரு மெம்பர் கொண்டு வர பில் ஆசைதான், சட்டம் இல்ல, அதுல ரொம்ப ரொம்ப கம்மியானதுதான் சட்டமாகுது. ஜனாதிபதியோட உத்தரவு உடனே கடிக்கும், ஆனா ஏற்கனவே இருக்கற ஏதாவது ஒரு சட்டத்தயோ அரசியல் சாசனத்தயோ புடிச்சுக்கிட்டுதான் நிக்கணும். துறைங்க போடற ரூல் மெதுவா வரும், முதல்ல உத்தேசம்னு வெளியிட்டு பொதுமக்கள் கருத்து கேப்பாங்க, அப்பறம்தான் ஃபைனல்.

அல்சூர்ல எங்க பக்கத்து வீட்டு அக்கா பையன் டல்லாஸ்ல இருக்கான். 2025 மே மாசம் அக்கா வந்து, "தம்பி, அவன் அனுப்பற காசுல நூத்துக்கு அஞ்சு ரூபா அங்கயே புடிச்சுக்குவானுங்களாமே, இனிமே அனுப்பாதன்னு சொல்லிடவா?"ன்னு கேட்டாங்க. "அக்கா, அவசரப்படாதீங்க, இது இன்னும் பில்லுதான்"னு சொல்லி நடக்க நடக்க காட்டிக்கிட்டே வந்தேன். ட்ரம்ப்போட பெரிய வரி-செலவு பில்லுக்குள்ள (ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்) இருந்தது இந்த வரி, 5 சதவீதம்னு ஆரம்பிச்சது, மே 22ந்தேதி 2025ல கீழ்சபைல 215க்கு 214 ஓட்டுல ஜெயிச்சப்ப 3.5 ஆயிடுச்சு, செனட்ல 1 சதவீதம் ஆச்சு, அதுவும் கேஷ், மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக் குடுத்து அனுப்பறவங்களுக்கு மட்டும்தான், பேங்க் அக்கவுண்ட்ல இருந்தோ அமெரிக்க டெபிட் கார்டு கிரெடிட் கார்டுலயோ அனுப்பினா கிடையாது. ஜூலை 4 கையெழுத்து ஆச்சு, 2026 ஜனவரி 1ல இருந்து அமல். அக்கா பையன் எப்பவும் போல பேங்க் ஆப்ல அனுப்பறான், ஒரு பைசா புடிப்பு இல்ல. மே மாசத்து தலைப்ப நம்பியிருந்தா வீட்டுக்கு வர காச வீணா நிறுத்தியிருப்பாங்க.

அதே கேள்விய ஹையர் ஆக்ட் மேல போட்டு பாருங்க. 2025 செப்டம்பர்ல ஒஹையோ செனட்டர் பெர்னி மொரேனோ கொண்டு வந்த பில், வெளிநாட்டுக்கு வேலைய குடுத்து அமெரிக்க கம்பெனி கட்டற பணத்துக்கு 25 சதவீதம் வரி. பெங்களூருக்கு இத விட பெரிய அடி இருக்க முடியாது, நம்ம ஊர் ஜிசிசிங்க (வெளிநாட்டு கம்பெனிங்க இங்க வச்சிருக்கற சொந்த ஆபீஸ்) பெரும்பாலும் அந்த பணத்துலதான் ஓடுது. பயப்பட வேண்டிய விஷயம்தான், ஆனா எப்ப பயப்படணும்னு தெரிஞ்சுக்கணும். செனட்ல சாதாரண பில்லு நகர 60 ஓட்டு வேணும், ரிபப்ளிகன்கிட்ட அவ்வளவு இல்ல. அதே சமயம் வரி, செலவு சம்பந்தப்பட்டத ரீகன்சிலியேஷன்னு ஒரு வழில வெறும் மெஜாரிட்டிலயே தள்ளிடலாம், மேல சொன்ன பெரிய பில்லு அப்படித்தான் செனட்ல 50-50 ஆகி வைஸ் பிரசிடெண்ட் வான்ஸ் ஓட்டுல ஜெயிச்சுது. அதனால டிவி விவாதம் பாத்து தூக்கத்த கெடுத்துக்க வேண்டாம், இந்த 25 சதவீதம்ங்கற வரி ஏதாவது ரீகன்சிலியேஷன் பில்லுக்குள்ள நுழையுதான்னு மட்டும் கண்ணு வச்சுக்கங்க. காங்கிரஸ் டாட் கவ் சைட்ல பில்லு பேர போட்டா எந்த கமிட்டில தூங்குதுன்னு காட்டிடும்.

ஒரிஜினல் டெக்ஸ்ட படிங்க, ப்ளீஸ்

இங்கிலீஷ் கொஞ்சம் சிரமம்னாலும் பரவால்ல, ஜனாதிபதி உத்தரவு பெரும்பாலும் சில பக்கம்தான் வரும், ஒயிட் ஹவுஸ் சைட்லயும் ஃபெடரல் ரெஜிஸ்டர்லயும் (அங்கத்த அரசு கெஜட்) இலவசமா கிடக்குது. நாலு விஷயத்த தேடுங்க: எந்த சட்டப்பிரிவ புடிச்சு போட்டிருக்காங்க, எப்ப ஆரம்பம், எப்ப முடிவு, யாருக்கு பொருந்தும்.

2025 செப்டம்பர் 19 எச்1பி உத்தரவ எடுத்துக்கங்க. அங்க வெள்ளிக்கிழமை, நமக்கு சனிக்கிழமை விடிஞ்சப்ப ஊரே பதறிக்கிட்டு இருந்துச்சு, லீவுக்கு வந்த பசங்க டிக்கெட் தேடி அலைஞ்சாங்க, ஏன்னா அங்க 21ந்தேதி ராத்திரி 12.01ல இருந்து அமல், நம்ம நேரத்துக்கு ஞாயித்துக்கிழமை காலைல 9.31. வர்த்தக மந்திரி லட்னிக் இது வருஷா வருஷம் கட்டணும்ங்கற மாதிரி பேசிட்டாரு. உத்தரவ படிச்சா அதுல வருஷா வருஷம்ங்கற பேச்சே இல்ல, 12 மாசத்துக்கு மட்டும்னு இருக்கு, அமெரிக்காவுக்கு வெளிய இருக்கற ஆளுக்கு போடற மனுவ பத்தித்தான் சொல்லுது. கையில விசா வச்சுக்கிட்டு ஊருக்கு வந்தவங்க கதி என்னன்னு மட்டும் தெளிவா இல்ல, அந்த பயத்துல நியாயம் இருந்துச்சு, மறுநாளே ஒயிட் ஹவுஸ் இது ஒரு தடவை கட்டறது, புது மனுவுக்கு மட்டும்னு சொல்லிடுச்சு. புடிச்ச பிரிவு அவங்க குடியேற்ற சட்டத்துல 212(எஃப்), வெளிநாட்டுக்காரங்க உள்ள வர்றத ஜனாதிபதி தடுக்கலாம்ங்கற பிரிவு, முதல் ஆட்சில போட்ட பயணத் தடையும் இதே பிரிவுலதான் நின்னுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட் 5-4ல ஒத்துக்கிச்சு. உள்ள வர்றதுக்கான தடைங்கறதாலதான் அமெரிக்காவுலயே படிச்சுட்டு அங்கயே விசா ஸ்டேட்டஸ் மாத்தறவங்களுக்கு இந்த ஃபீஸ் கிடையாதுன்னு அக்டோபர்ல விளக்கம் வந்துச்சு. பிரிவு நம்பர பாத்தாலே பாதி விடை கெடைச்சுடும்.

அவங்க வாதத்துல பலமானது எதுன்னு கண்டுபிடிங்க

இத பண்ணாமதான் நம்மாளுங்க ஏமாந்து போறாங்க. எச்1பிய எதிர்க்கறவங்கள்ல வெறும் வெறுப்ப கக்கறவங்க இருக்காங்க, இந்தியர்கள பத்தி அவங்க எழுதறத படிச்சா வயிறு எரியும், அத வாதமா எடுத்துக்க வேண்டியதே இல்ல, பிளாக் பண்ணிட்டு போங்க. ஆனா நெஜமான வாதம் ஒண்ணு இருக்கு. 1990ல சீனியர் புஷ் கையெழுத்து போட்ட சட்டத்துல வந்த விசா இது, கெடைக்காத திறமைக்காகன்னு சொல்லி ஆரம்பிச்சது. ஆனா ஆர்லாண்டோ டிஸ்னில 2015 வாக்குல 250 பேர் மாதிரி ஐடி ஊழியருங்க வேலை போச்சு, போறதுக்கு முன்னாடி தங்களுக்கு பதிலா வர ஆளுக்கு அவங்களே வேலை சொல்லிக்குடுக்க வேண்டியிருந்துச்சு. நம்ம அண்ணனுக்கு இப்படி ஆனா நாம சும்மா இருப்போமா? வருஷத்துக்கு 65,000, அங்க மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்கு இன்னொரு 20,000, இவ்வளவுதான் எடம், அத குலுக்கல்ல குடுத்தா கம்மி சம்பளத்துக்கு ஆள் எடுக்கற கம்பெனிதான் நெறைய மனு போட்டு அள்ளிக்கிட்டு போகும்ங்கறது அவங்க கேஸ். சம்பளம் அதிகமானவங்களுக்கு அதிக வாய்ப்பு குடுக்கற மாதிரி குலுக்கல மாத்தறோம்னு 2025 செப்டம்பர்ல உத்தேச ரூல் கொண்டு வந்தது இந்த வாதத்துல இருந்துதான். என் கணக்குல இது ஃபீஸ விட நியாயமான வழி, பெங்களூர்ல நல்ல அனுபவம் இருக்கற இன்ஜினியருக்கு இதுல நஷ்டம் இல்ல, ஃப்ரெஷருக்குத்தான் கஷ்டம்.

டெக் பக்கமும் உள்சண்டைய பாத்தாதான் புரியும். மாநிலங்க பத்து வருஷம் ஏஐ சட்டம் போடக்கூடாதுன்னு ஒரு ஷரத்த அந்த பெரிய பில்லுல சேத்தாங்க, செனட்டர் டெட் க்ரூஸ் ஆதரிச்சாரு, டெக் வலதுக்கு குஷி. ஹாலி எதிர்த்தாரு, ஆர்கன்ஸா கவர்னர் சாரா ஹக்கபீ சாண்டர்ஸ் எதிர்த்தாங்க, மாநில உரிமைய நீங்களே பறிக்கலாமான்னு கேட்டாங்க. ஜூலை 1, 2025 செனட்ல 99க்கு 1ன்னு அந்த ஷரத்த தூக்கிட்டாங்க. மாநில உரிமைக்காக நம்ம தமிழ்நாட்டுல எவ்வளவு பேசியிருக்கோம், அதே குரல் அங்க வலதுசாரிகிட்ட இருந்து வருது. டேரிஃப்லயும் இதே கதை: திருப்பூர் பனியன் ஆர்டர கலைச்ச, 2025ல இந்திய சரக்கு மேல ட்ரம்ப் போட்ட அந்த 50 சதவீத டேரிஃபுக்கு அடிப்படையா காட்டின 1977 அவசரகால சட்டத்த வச்சு டேரிஃப் போட்டத எதிர்த்து வழக்கு போட்ட முக்கிய குரூப்புகள்ல ஒண்ணு லிபர்ட்டி ஜஸ்டிஸ் சென்டர், இடதுசாரி இல்ல, சின்ன அரசாங்கம் வேணும்ங்கற வக்கீலுங்க. வரி போடற அதிகாரம் காங்கிரஸுக்குத்தான்னு அவங்க வாதாடி கீழ ரெண்டு கோர்ட்லயும் ஜெயிச்சு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. திருப்பூருக்காக அங்க பேசினவங்க யாருன்னு இங்க எத்தன பேருக்கு தெரியும்?

பசங்கள எம்எஸ் அனுப்பறவங்களுக்கு

ஓபிடிய தனியா பாருங்க. படிச்சு முடிச்சதும் ஒரு வருஷம், ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) படிப்புன்னா இன்னும் 24 மாசம் வேலை பாக்கலாம்ங்கற அந்த சலுகை காங்கிரஸ் பாஸ் பண்ணின சட்டத்துல வரி வரியா எழுதினது இல்ல, துறை போட்ட ரூல், ஸ்டெம் நீட்டிப்பு 2008ல ஜூனியர் புஷ் ஆட்சில வந்துச்சு, 2016ல 24 மாசம் ஆச்சு. ரூல்ல வந்தத ரூல்லயே எடுக்கலாம், 60 ஓட்டு தேவையில்ல, ரெண்டாவது கோஷ்டி இத ஒழிக்கணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கு. கன்சல்டன்சிகாரங்க இத சொல்ல மாட்டாங்க. லோன் பேப்பர்ல அப்பா அம்மா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஃபெடரல் ரெஜிஸ்டர்ல ஓபிடின்னு தேடி, உத்தேச ரூல் ஏதாவது வந்திருக்கா, கருத்து கேக்கற தேதி ஓடிக்கிட்டு இருக்கான்னு பாத்துடுங்க, அந்த மூணு வருஷ சம்பளம் இல்லன்னாலும் இஎம்ஐ கட்ட முடியுமான்னு ஒரு கணக்கு போட்டுட்டு அப்பறம் பேங்குக்கு போங்க.