குளிசையை நிறத்தால் அல்ல, பெயரால் அறியுங்கள்: பிரஷர், இருதய மருந்துகளை வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுவது எப்படி?

என் அம்மாவுக்கு நாளொன்றுக்கு நான்கு குளிசைகள். வெள்ளை, மஞ்சள், சின்னது, இரவுக் குளிசை. பல வருடங்களாக எங்கள் லயன் காம்பராவில் அவற்றுக்கு இருந்த பெயர்கள் இவைதான்.

ஒரு மாதம் கிளினிக்கில் ஒரு மருந்து இருக்கவில்லை. வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தந்தார்கள். டவுனில் வாங்கிய குளிசை வேறு நிறம், வேறு கம்பனி, அட்டையில் பெரிய எழுத்தில் வேறு பெயர். அடுத்த மாதம் கிளினிக்கிலேயே அந்த மருந்து கிடைத்தது. வாங்கியது வீணாகக் கூடாதென்று அம்மா இரண்டையும் சாப்பிட்டு வந்தார். நான்காம் நாள் காலையில் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவருக்குக் கண் இருண்டு, கூடையோடு தேயிலைச் செடிமேல் சாய்ந்துவிட்டார். தோட்ட மருந்துச்சாலையில் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் சொன்னார்: "இரண்டும் அம்லோடிபின்தான். ஒரே மருந்தை இரண்டு மடங்காகச் சாப்பிட்டிருக்கிறார்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளைக் குளிசை என்ற பேச்சே இல்லை. புதிதாக மருந்து தொடங்கியவர்களுக்கும், வயதான அம்மா அப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் நாங்கள் செய்து பழகிய ஒழுங்கை இங்கே எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வைத்தியர்தான் முடிவு செய்வார். அவர் எழுதியதை வீட்டில் தவறாமல் சாப்பிடுவது நம் வேலை.

படி 1: ஒவ்வொரு குளிசைக்கும் பெயர் எழுதுங்கள்

மற்ற எதைவிடவும் இது முக்கியம். டிக்கோயா கிளங்கன், நுவரெலியா, பதுளை என்று எந்த வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போனாலும் மருந்து சின்னச் சின்ன உறைகளில்தான் கைக்கு வரும். உறையின்மேல் அவசர எழுத்து. சில நேரம் சிங்களத்தில் இருக்கும், சில நேரம் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன்பே ஒவ்வோர் உறையையும் காட்டி நான்கு கேள்விகள் கேளுங்கள். இதன் பெயர் என்ன? எத்தனை மில்லிகிராம்? எப்போது சாப்பிடுவது? எதற்காக? பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். இவை நாம் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளப்போகும் மருந்துகள்.

மொழி தடையாக இருந்தால் சில சொற்களை மனத்தில் வைத்திருங்கள். சிங்களத்தில் உதே என்றால் காலை, தவல் என்றால் பகல், ரே என்றால் இரவு. கேமட்ட பெர என்பது சாப்பாட்டுக்கு முன், கேமட்ட பசு என்பது சாப்பாட்டுக்குப் பின். வைத்தியர்கள் கொப்பியில் எழுதும் மானே காலையைக் குறிக்கும், நொக்டே இரவைக் குறிக்கும், பீ.டீ. என்றால் நாளுக்கு இரண்டு முறை.

வீட்டுக்கு வந்ததும் ஓர் அட்டையில் தமிழில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். எங்கள் அட்டையில் இப்படி இருக்கிறது: "லோசார்டன் 50, காலை, பிரஷருக்கு. அம்லோடிபின் 5, காலை, பிரஷருக்கு. ஆஸ்பிரின் 75, பகல் சாப்பாட்டுக்குப் பின், இரத்தம் உறையாமல் இருக்க. அடோர்வாஸ்டாடின் 20, இரவு, கொழுப்புக்கு." இது அம்மாவுக்கு எழுதியது. உங்களுடையது வேறாக இருக்கும், பக்கத்துக் காம்பராக்காரருடையது இன்னும் வேறாக இருக்கும். ஆகவே குளிசையைக் கடன் வாங்கவும் கூடாது, கடன் கொடுக்கவும் கூடாது. எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் அட்டையின் மேலே எழுதுங்கள்.

வெளியே மருந்து வாங்கும்போது இந்த அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அந்தச் சிறிய எழுத்து அட்டையில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் பாமசிக்காரரிடம் கேளுங்கள். 2022 இல் பொருளாதார நெருக்கடியால் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, பாதி கிளினிக்கிலும் பாதி வெளியிலும் வாங்கிய வீடுகள் நிறைய. அப்படிக் கலந்து வாங்கும் காலத்தில்தான் என் அம்மாவுக்கு நேர்ந்தது போன்றவை நடக்கும்.

படி 2: மருந்துக்கு ஓர் உலர்ந்த இடம்

நம் ஊர்ப் பனியும் மழையும் உப்பையே தண்ணீராக்கிவிடும், குளிசையை விட்டுவைக்குமா? அடுப்பங்கரைப் பரணில் வைத்தால் சூடும் புகையும், ஜன்னலோரம் வைத்தால் ஈரமும் வெயிலும். இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின் ஒன்றில், உறையோடும் குளிசை அட்டையோடும் போட்டு, உள் அறையில் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பெரியவருக்கு ஒரு வேளை மருந்தாக இருக்கும் குளிசை சிறு பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரு கிழமைக்கான மருந்தை எப்போதும் மிச்சத்தில் வைத்திருக்கப் பாருங்கள். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடினாலோ, பஸ் ஓடாவிட்டாலோ கிளினிக் நாள் தவறிப்போகும். மருந்து தீர்ந்த பிறகு ஓடுவதை விட, தீர ஐந்தாறு நாள் இருக்கும்போதே விசாரிப்பது எவ்வளவோ எளிது.

படி 3: நேரத்தை வேலையோடு கட்டிவிடுங்கள்

கடிகாரத்தைப் பார்த்து மருந்து சாப்பிடுவது மலைக்குப் போகிறவர்களுக்கு நடக்காத காரியம். காலைத் தேநீரோடு ஒன்று, அந்திக்குக் கை கால் கழுவியதும் ஒன்று என்று தினமும் தவறாத ஒரு வேலையோடு சேர்த்துவிட்டால் மறக்காது. மருந்தை விழுங்கத் தண்ணீரே நல்லது.

சிறுநீரைக் கூட்டும் குளிசையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃப்ரூசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்றவை இந்த வகை. உடம்பில் தேங்கிய உப்பையும் நீரையும் வெளியேற்றி இருதயத்தின் பாரத்தைக் குறைக்கின்றன. பெரும்பாலும் காலையில்தான் எழுதித் தருவார்கள். ஆனால் மலையில் மலசலகூடம் எங்கே இருக்கிறது? எத்தனையோ பெண்கள் இந்த ஒரு காரணத்தால் அந்தக் குளிசையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். கிளினிக்கில் கேட்டால் "சாப்பிடுகிறேன்" என்கிறார்கள். பிரஷர் குறையவில்லையே என்று வைத்தியர் வேறு மருந்தைக் கூட்டுகிறார். கூச்சம்தான் இதற்குக் காரணம், ஆனால் கூச்சப்பட வேண்டியவர்கள் அந்தப் பெண்கள் அல்ல. "சேர், எனக்கு வேலைத்தளத்தில் மலசலகூடம் இல்லை, வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். பலருக்கு நேரத்தை மாற்றித் தர முடியும். ஆனால் படுக்கும் நேரத்தில் சாப்பிட்டால் இரவெல்லாம் எழ வேண்டிவரும், இருட்டில் வழுக்கி விழவும் கூடும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் தவறிய நாளைக் கொப்பியில் குறித்து, கிளினிக்கில் கேட்டு நடக்க வேண்டும்.

கிளினிக் நாளன்று இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு போகும் பலர் பிரஷர் குளிசையையும் விட்டுவிடுகிறார்கள். போய் அளந்தால் உயர்ந்துதான் இருக்கும். வைத்தியர் வேண்டாமென்று சொல்லியிருந்தாலொழிய, பிரஷர் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு சாப்பிட்டுவிட்டே போகலாம். நீரிழிவு மருந்தை மட்டும் சாப்பாட்டோடு சாப்பிடுவதற்காக எடுத்துச் செல்லுங்கள்.

மெதுவாகக் கரைவதற்கென்று செய்த குளிசைகளை இடித்துத் தேனில் குழைக்கக் கூடாது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்க முடியாதவர்கள் அதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

படி 4: சுகமாக இருக்கிறதென்று நிறுத்தாதீர்கள்

பிரஷருக்குப் பெரும்பாலும் வலி கிடையாது, தலைச்சுற்றும் கிடையாது. மருந்து சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறதென்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். தீபாவளிக்குக் கொழும்பிலிருக்கும் பிள்ளைகளிடம் போகும்போது டின்னை வீட்டிலேயே விட்டுப் போகிறவர்களும் உண்டு. இருதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டினோலோல், பிசோபிரோலோல் வகை மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இருதயத் துடிப்பு எகிறி நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். இருதய இரத்தக் குழாய் அடைபடாமல் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. பல் பிடுங்கப் போனாலும் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.

ஒத்துக்கொள்ளாததால் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பிரஷருக்குத் தரும் எனலாப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். குளிர் காலத்தில் அதைத் தடிமன் என்றே நினைப்போம். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். இவற்றுக்கு மாற்று மருந்து உண்டு, சொன்னால் மாற்றித் தருவார்கள். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வாந்தி, வயிற்றோட்டம் கடுமையாக இருக்கும் நாளில் லோசார்டன், எனலாப்ரில், சிறுநீரைக் கூட்டும் குளிசை ஆகியவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், அன்றே வைத்தியரிடம் கேளுங்கள். கர்ப்பம் தரித்திருப்பது தெரிந்தால் அடுத்த கிளினிக் வரை தள்ளிப்போடாதீர்கள். லோசார்டனும் எனலாப்ரிலும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் கேடு.

மருந்து தொடங்கிய புதிதில் எழும்போது தலை லேசாகச் சுற்றலாம். படுக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். மலைச் சரிவில் குனிந்து நிமிர்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

படி 5: இந்த மருந்துகளோடு எதைச் சேர்க்கக் கூடாது?

நாள் முழுவதும் கூடை சுமந்தவருக்கு இடுப்பும் முழங்காலும் வலிக்காமல் என்ன செய்யும்? கடையில் இரண்டு வலிக் குளிசை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை பிரஷரை உயர்த்தும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இருதயம் பலவீனமானவர்களுக்கு உடம்பில் நீரைத் தேக்கும். லோசார்டன் அல்லது எனலாப்ரிலோடு சிறுநீரைக் கூட்டும் குளிசையும் சாப்பிடுகிறவருக்கு இந்த வலிக் குளிசை மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. வலிக்குப் பொதுவாகப் பரசிட்டமோல் பாதுகாப்பானது, அதுவும் சொன்ன அளவுக்குள். எந்தக் கடையில் எதை வாங்கினாலும் "எனக்குப் பிரஷர் இருக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள். மூக்கடைப்பைத் திறக்கும் சில தடிமன் குளிசைகளும் பிரஷரை ஏற்றும்.

நாட்டு மருந்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருமலுக்கு நாம் கசாயத்தில் போடும் அதிமதுரம் அடிக்கடி உள்ளே போனால் பிரஷரைக் கூட்டி, உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் வல்லாரை, முருங்கை, பொன்னாங்காணி போன்ற கீரைகளைத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட வேண்டும். ஒரு கிழமை நிறையவும் மறு கிழமை ஒன்றுமில்லாமலும் சாப்பிட்டால் மருந்தின் அளவு குழம்பும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடும் சம்பலும் ரொட்டியில் போட்ட உப்பும் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

படி 6: அளந்து எழுதுங்கள்

மேட்டு லயத்திலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்து உடனே கையை நீட்டினால் அளவு உயர்ந்துதான் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து தேநீரும் புகையிலையும் வேண்டாம். நாளையும் அளவையும் கொப்பியில் எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 140/90 க்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்கான அளவை வைத்தியர் சொல்வார்.

படி 7: நெஞ்சுவலி வந்தால்

நாக்கின் கீழ் வைக்கும் ஜீ.டி.என். குளிசை தந்திருந்தால் அதை அதன் பழுப்பு நிறப் போத்தலிலேயே மூடி இறுக்கி வைத்திருங்கள். உறையில் மாற்றினால் வலு போய்விடும். வலி வந்ததும் உட்கார்ந்துகொண்டு ஒன்றை நாக்கின் கீழ் வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் மயங்கி விழலாம். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் சாப்பிட்டவர்கள் இதை வைக்கவே கூடாது, சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். ஐந்து நிமிடத்தில் வலி தீராவிட்டால் 1990 என்ற இலக்கத்தில் அம்பியுலன்ஸை அழையுங்கள்.

இந்தக் குளிசை இல்லாதவர்கள் காத்திருக்கவே வேண்டாம். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் எது வந்தாலும் "வாய்வுதான்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்து விடியும்வரை வைத்திருக்காதீர்கள். வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது ஆகியவையும் அப்படித்தான். 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை இலவசம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயன் எண், பக்கத்திலுள்ள கோயில் அல்லது பாடசாலை என்று வரிசையாகச் சொல்லுங்கள். வண்டி லயம்வரை வராத பாதையென்றால் நோயாளியை நடக்க விடாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சந்திக்குக் கொண்டுபோங்கள், ஒருவர் முன்னால் டோர்ச்சோடு போய்ப் பாதையோரம் நிற்கட்டும்.

மருந்து டின்னையும், அட்டை செருகிய கிளினிக் கொப்பியையும் அவரோடேயே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.