முதல் ஆப்புக்கு எமுலேட்டர் எதுக்கு, போனே போதும்

ரியாக்ட் நேட்டிவ்ல (ஜாவாஸ்கிரிப்ட்ல மொபைல் ஆப் எழுதுற ஃப்ரேம்வொர்க்) முதல் ஆப் பண்ணப் போறீங்கன்னா ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எமுலேட்டர் (லேப்டாப்லயே ஓடுற டம்மி போன்) அது இதுன்னு ஜிபி கணக்குல டவுன்லோட் போட்டுட்டு உக்காராதீங்க, ரியாக்ட் நேட்டிவுக்கு எக்ஸ்போன்னு ஒரு டூல் இருக்கு, அதோட எக்ஸ்போ கோ ஆப்பை மட்டும் போன்ல போட்டுட்டு, லேப்டாப்ல எக்ஸ்போ ப்ராஜெக்ட்டை ஸ்டார்ட் பண்ணா டெர்மினல்ல ஒரு க்யூஆர் கோடு வரும், அதை ஸ்கேன் பண்ணுங்க, ஆப் உங்க போன்லயே ஓடும். நேட்டிவ் பகுதி (ஆண்ட்ராய்டு, ஐபோனுக்குன்னே தனியா எழுதின கோடு) எல்லாம் எக்ஸ்போ கோ உள்ள ஏற்கனவே பில்ட் ஆகி இருக்கு, உங்க ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான் நெட்வொர்க் வழியா போகுது, அதனாலதான் ஒரு பட்டனோட கலரை மாத்தி சேவ் அடிச்ச உடனே போன்ல மாறிடுது. ஐபோன்ல ஓட்டிப் பாக்க மேக் கூட வேணாம், விண்டோஸ் லேப்டாப்பே போதும் (எனக்கு இதுதான் பெரிய லாபமா தெரியுது). போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபைல இருக்கணும், ஆபீஸ் காலேஜ் வைஃபைல சில நேரம் கனெக்ட் ஆகாம சுத்திக்கிட்டே இருக்கும், அப்போ டனல் ஆப்ஷனோட (இன்டர்நெட் வழியா சுத்தி கனெக்ட் பண்றது) ஸ்டார்ட் பண்ணுங்க, கொஞ்சம் ஸ்லோதான்.

ஆனா எக்ஸ்போ கோல இல்லாத நேட்டிவ் கோடு வச்ச லைப்ரரி எதையாவது சேத்துட்டீங்கன்னா இது வேலைக்கு ஆகாது, டெவலப்மென்ட் பில்ட் (எக்ஸ்போ கோவுக்கு பதிலா உங்க ப்ராஜெக்ட்டுக்குன்னே பில்ட் பண்ற ஆப்) போட்டுதான் ஆகணும். ப்ராஜெக்ட்டோட எக்ஸ்போ எஸ்டிகே (எக்ஸ்போவோட லைப்ரரி தொகுப்பு) வெர்ஷனை போன்ல இருக்குற எக்ஸ்போ கோ சப்போர்ட் பண்ணலன்னாலும் திறக்காது.