தார்ச்சாலையில் தேய்ந்த முழங்கால்: ஆற்றிய விதம்

சிராய்ப்பைக் காற்றாட விட்டால் பொருக்கு தட்டி ஆறிவிடும் என்பார்கள். முழங்காலில் அது சரிப்படாது. மடக்கும்போதெல்லாம் பொருக்கு வெடித்து ரத்தம் கசியும். ஈரம் காயாமல் மூடி வைத்ததில்தான் எனக்குச் சீக்கிரம் ஆறியது.

முதல் வேலை மண்ணை எடுப்பது. குழாய்த் தண்ணீரை 5-10 நிமிடம் ஓடவிட்டு, சோப்பு நுரையில் நனைத்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். எரியும்தான். ஆனால் உள்ளே தங்கிய கருந்துகள் பச்சை குத்தியதுபோல் நின்றுவிடும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். நல்ல திசுவையும் கெடுக்கும். மேலே வாசலின், அதன்மேல் ஒட்டாத டிரெஸ்ஸிங். வெறும் பஞ்சு வைத்தால் பிரிக்கும்போது புதுத் தோலும் கூடவே வரும். தினம் ஒருமுறை மாற்றினேன். ஒட்டிக்கொண்டால் நனைத்துப் பிரிக்கவும்.

கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால், அழுக்குக் காயத்துக்கு மறுபடி போட வேண்டும். சிவப்பு பரவினாலோ சீழ், காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம்.

கையை ஊன்றி விழுந்திருந்தால், கட்டைவிரலுக்கு அடியில் மணிக்கட்டுக் குழியை அழுத்திப் பாருங்கள். வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற சிறிய மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். 10-14 நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். அதுவரை மணிக்கட்டு அசையாமல் இருக்கப் போட்ட கட்டைக் கழற்றக் கூடாது.