கொழும்புக்கு வேலைக்கு வர்றீங்களா, ஊர்க்காசையும் சம்பளத்தையும் ஒரே அக்கவுண்ட்ல போட்டு கலக்காதீங்க

நம்ம ஊர்லருந்து கொழும்புக்கு வேலைக்கு வர்றவங்களுக்கு மட்டும் இது. சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு தேவைப்படாது, அவங்களுக்கு 2024 பிப்ரவரிலருந்து இங்க யூபிஐயே ஓடுது, ஸ்கேன் பண்ணிட்டு போய்ட்டே இருக்கலாம்.

ஆபீஸ் வேலையெல்லாம் பெரிய விஷயம் இல்ல. ரெசிடென்ஸ் வீசாவுக்கு பத்தரமுல்லைல இருக்கற குடிவரவு ஆபீஸுக்குப் போகணும், கம்பெனி ஆளே கூட்டிட்டுப் போயிடுவார். பேங்க்ல பாஸ்போர்ட், வீசா பக்கம், கம்பெனி லெட்டர், வீட்டு அக்ரிமெண்ட் கேப்பாங்க, கையோட இங்கத்திய வரி நம்பரான டின் நம்பரும் எடுத்துடுங்க. ஆதார், பான் எல்லாம் பெட்டியிலயே கிடக்கட்டும். போயா அன்னிக்கு பேங்க் கிடையாது, மாசாமாசம் பௌர்ணமிக்கு லீவு, காலண்டர் பாக்காம கிளம்பி வெயில்ல நிக்காதீங்க. ஊர்ல இருக்கற சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓவா, அதாவது வெளிநாட்ல இருக்கறவங்களுக்கான அக்கவுண்ட்டா, மாத்திடுங்க, "அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்றவங்கதான் நிறைய பேர்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

ஊர்ல நமக்கு ஒரே அக்கவுண்ட்தான், சம்பளமும் அதுலதான், சீட்டு எடுத்த காசும் அதுலதான், மாமா கல்யாணத்துக்குன்னு குடுத்ததும் அதுலதான், யாரும் ஏன்னு கேக்கறதில்ல. கொழும்புல வெள்ளவத்தைங்கற ஏரியால எறங்கி, காலிங்கற ஊருக்குப் போற மெயின் ரோடான காலி ரோட்ல நாலு எட்டு வெச்சா எல்லா கடையிலயும் தமிழ், தோசை, மல்லிப்பூ, நம்ம பாட்டு, சரி இதுவும் நம்ம ஊர்தான்னு மனசு சாஞ்சிடும். தோசை கிடைக்குதுன்னா நம்ம ஊர் பேங்க் பழக்கமும் செல்லும்னு அர்த்தமா? இங்க நீங்க வெளிநாட்டுக்காரர், வெளிய அனுப்பற ஒவ்வொரு ரூபாயும் எங்கருந்து வந்துச்சுன்னு காட்டணும்.

என்கூட வேலை பாத்த மதுரைக்காரத் தம்பி இதுலதான் மாட்டினார். நல்ல பையன், சிகரெட் கூட கிடையாது, காசு சேக்கத்தான் வந்தார். வெள்ளவத்தைல வீடு பாத்தப்ப ஓனர் ஒரு வருஷ வாடகை மொத்தமா முன்பணம், அதுக்கு மேல டெபாசிட்டுன்னுட்டார் (இங்க அப்படித்தான் கேக்கறாங்க, சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல). ஊர்லருந்து டாலரா கையில கொண்டு வந்ததை மணி சேஞ்சர்ட்ட மாத்தினார், ரசீதை அங்கயே கசக்கிப் போட்டுட்டார், ஓனருக்கு குடுத்தது போக மீதியை சம்பள அக்கவுண்ட்ல போட்டார். அப்புறம் ஊருக்குப் போய்ட்டு வர்றப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சம், அதுவும் அதே அக்கவுண்ட்டுக்குத்தான். ஆப்ல ஒரே நம்பர் ஏறிட்டே இருக்கறத பாத்து அவருக்கு சந்தோஷம்.

காண்ட்ராக்ட் முடிஞ்சது, ஓனர் டெபாசிட்டை ஐயாயிரம் ரூபாய் நோட்டா எண்ணிக் குடுத்தார், அதையும் கொண்டு போய் கட்டிட்டு மொத்தத்தையும் மதுரைக்கு அனுப்பணும்னு பேங்க்ல போய் உக்காந்தார். நானும் கூடப் போயிருந்தேன். கவுண்ட்டர்ல இருந்த அம்மா சம்பள ஸ்லிப்பை எல்லாம் ஒவ்வொண்ணா புரட்டி, கால்குலேட்டர்ல தட்டி, ஸ்க்ரீனை ஒருக்கா பாத்துட்டு ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க, "தம்பி, நீங்க ஒரு ரூபாவும் செலவழிக்காம சேத்திருந்தாலும் இவ்வளவு வராதே." அதுக்கு என்ன பதில் சொல்றது? அது அவரோட சொந்தக் காசு, அவங்க அப்பா நெலத்தை வித்த காசு, ஆனா எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு ஒரு துண்டுக் காகிதம் இல்ல. ஸ்லிப்ல காட்ட முடிஞ்ச அளவுக்கு அனுப்பினாங்க, மீதி இங்கயே நின்னுபோச்சு. டிக்கெட் போட்டாச்சு, வேற வழியில்லாம கிளம்பிட்டார். ஊருக்குப் போன கொஞ்ச நாள்ல இங்க வாங்கின சிம்மும் செத்துப்போச்சு, ஓடிபி அதுக்குத்தான் போகும், இப்ப ஆப்புக்குள்ளயே நுழைய முடியல. எனக்கு அந்தக் கவுண்ட்டர் அம்மா மேல கோபம் வரல, அக்கவுண்ட் திறந்த அன்னிக்கு இதை ஒரு வார்த்தை சொல்லாம ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் வாங்கினாரே ஒரு ஆபீசர், அவர் மேலதான் வருது.

அதனால வந்த முதல் வாரமே, சம்பளம் ஏறறதுக்கு முன்னாடியே, அதே பேங்க்ல ஒரு டாலர் அக்கவுண்ட்டும் கேளுங்க. பி.எஃப்.சி.ஏ.ன்னு சொன்னா அவங்களுக்குப் புரியும். ஊர்க்காசு பேங்க் வழியா அதுக்குள்ளதான் வரணும், டாலராவே கிடக்கட்டும். வாடகை முன்பணத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவை மட்டும் அதுலருந்து ரூபாயா மாத்துங்க, அப்ப அந்தத் தடம் பேங்க்லயே இருக்கும். ஓனருக்கு டிரான்ஸ்ஃபர் இல்லாட்டி செக், டெபாசிட் தொகையை அக்ரிமெண்ட்ல எழுதச் சொல்லுங்க, திருப்பித் தர்றப்பவும் அக்கவுண்ட்டுக்கே போடச் சொல்லுங்க. மூஞ்சி சுளிப்பார், சுளிக்கட்டும்.

சம்பளத்துக்கு ரூபாய் அக்கவுண்ட் தனி. பல கம்பெனியில 25ஆம் தேதி ஏறிடும், 26க்கு ஒரு ஸ்டாண்டிங் ஆர்டர் (மாசாமாசம் பேங்கே தானா மாத்தறது) போட்டு சேமிப்புக்கு ஒதுக்கறதை அதே கஸ்டமர் நம்பர்ல இன்னொரு சேவிங்ஸுக்குத் தள்ளிடுங்க, ஏடிஎம் கார்டு அதுக்கு வேண்டாம். ஒரு இந்திய ரூபாய்க்கு இங்க மூணு ரூபாய்க்கு மேல கிடைக்குதா, கையில நோட்டு தடிமனா இருக்கும், நிறைய இருக்கற மாதிரி தோணி செலவாயிடும், புதுசா வந்த எல்லாருக்கும் இது நடக்கும். வட்டில 10 சதவீதம் வரியா பிடிச்சுக்கிட்டுத்தான் குடுப்பாங்க, 2025 ஏப்ரல்லருந்து இப்படி, முன்னாடி 5. இன்னொண்ணு, பேங்க் மூழ்கினா கிடைக்கற டெபாசிட் இன்ஷூரன்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு பேங்குக்கு இலங்கை ரூபாய்ல 11 லட்சம்தான், ஒரே பேங்க்ல நாலு அக்கவுண்ட் வெச்சாலும் அதே 11தான்.

சம்பள ஸ்லிப்பை தூக்கிப் போடாதீங்க. அதுல இபிஎஃப்புக்கு உங்க 8 சதவீதம் பிடிச்சது இருக்கும், கம்பெனி மேல 12 போடணும், மாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல வாங்கினா வரியும் பிடிச்சிருப்பாங்க. ஏப்ரல்லருந்து மார்ச் வரைக்கும்தான் இங்கயும் கணக்கு, வருஷம் முடிஞ்சதும் வரி பிடிச்சதுக்கு கம்பெனி தர்ற டி10 சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிடுங்க. ஊருக்கு அனுப்பறப்ப இந்த ரெண்டும்தான் பேசும்.

சில கம்பெனில ஒரே ஒரு அக்கவுண்ட் திறந்து குடுத்து இதுக்கே எல்லாம்னு சொல்லிடுவாங்க, டாலர் அக்கவுண்ட் கிடைக்க லேட்டாகும். அப்ப மாசாமாசம் ஸ்டேட்மெண்ட் பிரிண்ட் எடுத்து, பேங்க் சீல் வாங்கி, உள்ள வந்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல பேனால 'ச' இல்ல 'ஊ'ன்னு எழுதுங்க, ச சம்பளம், ஊ ஊர்க்காசு. 'ஊ'வுக்கெல்லாம் மணி சேஞ்சர் ரசீதையோ ஊர் பேங்க் அனுப்பின தாளையோ பின்னாடி ஸ்டேப்பிள் பண்ணுங்க. செலவு பண்றது 'ச'லருந்து மட்டும்னு ஒரு கோடு வெச்சுக்கங்க. எனக்குத் தெரிஞ்ச திருநெல்வேலி அக்கா ஒருத்தங்க இப்படித்தான் ஒரு பழைய டைரியில ஒட்டி வெச்சிருந்தாங்க, அவங்க கிளம்பறப்ப பேங்க்ல எந்தக் கேள்விக்கும் டைரியத் திறந்து காட்டிட்டாங்க.

சேத்து வெச்சு கடைசில மொத்தமா அனுப்பலாம்ங்கற நெனப்பும் வேண்டாம். 2022ல இங்க இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, மார்ச் ஆரம்பத்துல டாலர் 200 ரூபாய் பக்கம் இருந்தது மே மாசம் 360 வரைக்கும் போச்சு, பேங்க்லயும் டாலர் கிடைக்கல, வருஷக்கணக்கா ரூபாயா சேத்தவங்க கணக்கு பாதி ஆச்சு. சம்பளத்துல மிஞ்சறதை அந்தந்த மாசமே அனுப்புங்க.

கிளம்ப ஒரு மாசம் இருக்கறப்பவே பேங்க்ல எழுதிக் குடுங்க, ஓடிபியை ஊர் நம்பருக்கோ ஈமெயிலுக்கோ மாத்த முடியுமான்னு கேளுங்க, முடியாதுன்னா இந்த சிம்மை ரோமிங்ல உயிரோட வெச்சிருங்க. வீட்டு டெபாசிட் திரும்பி வந்து, அதையும் அனுப்பி முடிச்ச பிறகு டிக்கெட் போடுங்க.