பக்கவாதத்துக்குப் பின் ரோபோ நடைப்பயிற்சி: கருவியிலிருந்து வீட்டு நிலைவாசல் வரை

பக்கவாதத்தால் நடை இழந்தவரை இரண்டு பேர் தாங்கி நடத்தினால், சிறிது தூரத்திலேயே மூவரும் களைத்துவிடுவார்கள். ரோபோ நடைக்கருவியில், மேலிருந்து தொங்கும் சேணம் உடல் எடையில் ஒரு பங்கைத் தாங்க, கால்களோடு பிணைத்த இயந்திரச் சட்டம் இடுப்பையும் முழங்காலையும் ட்ரெட்மில்லின் ஓட்டத்துக்கு ஏற்ப மடக்கி நீட்டுவதால், அதே நோயாளி அரை மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான அடிகள் வைக்க முடிகிறது.

காலம் இதில் மிக முக்கியம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 62 ஆய்வுகளில் பங்கேற்ற 2,440 பேரின் முடிவுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, இயன்முறைப் பயிற்சியோடு இத்தகைய கருவியையும் சேர்த்தால் பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்றும், முதல் மூன்று மாதங்களுக்குள் இருப்பவர்களும் இன்னும் நடக்க இயலாதவர்களுமே அதிகப் பயன் பெறக்கூடும் என்றும் சொல்கிறது. ஆகவே, உடல் தேறட்டும் என்று நாள் கடத்தாமல், மருத்துவர் அனுமதித்தவுடன் தொடங்குங்கள். கட்டுப்படாத இரத்த அழுத்தம், கூடாத எலும்பு முறிவு, படுக்கைப்புண், விறைத்துப்போன மூட்டு, காலின் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டு ஆகியவை இருந்தால் கருவியில் ஏற்றக் கூடாது. இந்தப் பயிற்சிக்காகக் காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போவதானால், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் காரில் உட்கார்ந்து வந்த களைப்போடு உடனே சேணத்தில் நிற்க வைக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் அங்கேயே தங்க முடிந்தால் அதுவே நல்லது.

பயிற்சிக்கு வேட்டி ஒத்துவராது. தோலில் பட்டை உரசாதபடி முழு நீளக் கால்சட்டையும், குதிகால் மூடிய காலணியும் அணிவியுங்கள். பட்டைகளைக் கழற்றியதும் தொடையையும் கணுக்காலையும் பார்த்து, சிவப்பு மறையாமல் இருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் காயம் பட்டாலும் நோயாளிக்குத் தெரியாது. செயலிழந்த கை தொங்கினால் தோள்மூட்டு நழுவும் என்பதால், அந்தக் கைக்கும் தாங்கல் கேளுங்கள்.

என் அப்பச்சி முதல் வாரத்தில் கைப்பிடியில் முழுப் பாரத்தையும் போட்டுவிட்டு, கால்களை இயந்திரத்தின் போக்கில் விட்டுவிட்டார். பார்ப்பதற்கு அழகான நடைதான், ஆனால் நடந்தது இயந்திரம். பயிற்சியாளர் கருவியின் உந்துவிசையைக் குறைத்து, கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, "ஐயா, குதிகாலை முதலில் வையுங்கள்" என்றார். நான்கைந்து அடிகளுக்குப் பிறகு, அப்பச்சியின் இடது தொடையில் தசை இறுகியதை என் கையால் தொட்டு உணர்ந்தேன். எனவே, ஒவ்வொரு வாரமும் எடைத் தாங்கலும் உந்துவிசையும் எவ்வளவு குறைந்தன என்று தயங்காமல் கேளுங்கள். அவை குறையாமல் வேகம் மட்டும் கூடுவது முன்னேற்றம் ஆகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கருவிகள் இடுப்பை நடுவில் பிடித்து வைத்திருப்பதால் உடல் சாய இடமில்லை. சாய்ந்து மீளாமல் சமநிலை வராது. கருவியிலிருந்து இறங்கியபின் அன்றே தரையில் நின்று, நலிந்த காலின் மேல் எடையை மாற்றுவதையும், கை நீட்டிப் பொருள் எடுப்பதையும், உட்கார்ந்து எழுவதையும் பயில வேண்டும். தரைப்பயிற்சி தராத மையத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீடு திரும்பியபின் நம் செட்டிநாட்டு வீடே பயிற்சிக்கூடம் ஆகிறது. உட்கார்ந்து எழும் பயிற்சியை உயரமான திண்ணையில் தொடங்கி, பிறகு தாழ்ந்த இருக்கைக்கு வாருங்கள். நிலைவாசலின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் நாடா ஒட்டி, பக்கத்தில் கைப்பிடி பொருத்துங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நலிந்த கால் முதலில்; உடன் நிற்பவர் நலிந்த பக்கத்தில் நிற்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரம் பட்டால் வழுக்கும் என்பதால், மழை பெய்த நாளில் முற்றத்தின் ஓரம் நடத்தாதீர்கள். வீட்டுக்குள் செருப்பு கூடாது என்ற வழக்கத்தை மீற மனமில்லாவிட்டால், வெளியே போடாத, அடி வழுக்காத காலணி ஒன்றை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். நேரில் வர ஆள் தேவைப்பட்டால், 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீக்கம் எது தென்பட்டாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள நீண்ட தாழ்வாரத்தில், 14 மீட்டர் அளந்து, முன்னும் பின்னும் இரண்டிரண்டு மீட்டரை விட்டு, நடுவிலுள்ள 10 மீட்டரைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று வாரம் ஒரு முறை, அதே காலணியோடும் அதே ஊன்றுகோலோடும் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகையில் அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.