மோட்டார்ஹோமில் பெட்ரோல் முள் பொய் காட்டுகிறதா? டேங்க்கை இறக்கும் முன் இதைப் பாருங்கள்

அமெரிக்காவில் 1970, 80களில் கட்டப்பட்ட பெரிய மோட்டார்ஹோம்களில் (வீட்டு வசதிகளோடு கூடிய வண்டிகளில்) பல, ஷெவர்லே பி30 சேஸிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் நிற்பவை. பெட்ரோல் முள் தாறுமாறாக ஆடியதும் டேங்க்கை இறக்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது துருவேறிய எர்த் இணைப்பைத்தான், அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்ல டேங்க்கிலிருந்து வரும் வயர் சேஸிஸோடு சேரும் இடத்தை.

டேங்க்குக்குள் மிதவை ஏறி இறங்க, பெட்ரோல் அளவை முள்ளுக்குத் தெரிவிக்கும் டேங்க் யூனிட்டின் மின்தடை மாறும். இந்த வண்டிகளில் காலி டேங்க் என்றால் ஏறத்தாழ 0 ஓம். நிறைந்திருந்தால் 90 ஓம். எர்த்தில் துரு பிடித்தால் அதன் தடையும் இதோடு சேர்ந்து, முள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பெட்ரோல் இருப்பதாக நம்பி நடுவழியில் நிற்பது இதனால்தான். பழைய ஃபோர்டு வண்டிகளில் கணக்கு தலைகீழ்: காலிக்கு 73, நிறைவுக்கு 10. அவற்றுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

முதல் வேலை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பது. அடுத்து சமையல் எரிவாயு வால்வை மூடுங்கள். ஃப்ரிட்ஜிலும் வெந்நீர் ஹீட்டரிலும் சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது பெட்ரோல் டேங்க் பக்கம் போகவே கூடாது.

பிறகு, சாவியை அணைத்துவிட்டு, டாஷ்போர்டிலுள்ள பெட்ரோல் மானியிலிருந்து டேங்க் யூனிட்டுக்கு வரும் வயரைக் கழற்றுங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் முள் ‘ஃபுல்’ கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். மறுபடி அணைத்து, வயரைச் சேஸிஸின் சுத்தமான உலோகத்தோடு இணைத்துவிட்டு, அதன்பின் சாவியைத் திருப்புங்கள். முள் ‘எம்ப்டி’க்கு இறங்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள், டேங்க் அருகே தீப்பொறி எழக் கூடாது. இரண்டும் சரியாக வந்தால் மானியிலும் வயரிலும் குறை இல்லை. வராவிட்டால் கோளாறு மானியிலோ அந்த வயரிலோதான்.

இனி மல்டிமீட்டர். சாவி அணைந்தே இருக்கட்டும். யூனிட்டின் முனைக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே தடையை அளங்கள். அடுத்து அதே முனைக்கும் சேஸிஸுக்கும் இடையே அளங்கள். இரண்டாவது அளவு கூடுதலாக வந்தால் எர்த் கெட்டிருக்கிறது. எர்த் வயர் சேஸிஸில் சேரும் போல்ட்டைக் கழற்றினால், வளையத்துக்கு அடியில் பழுப்புத் துரு பொடியாக உதிரும். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். வயரே நைந்திருந்தால் புதிதாகப் போடுங்கள், செலவு மிகக் குறைவு.

எர்த் நன்றாக இருந்தும் அளவு துள்ளினால் யூனிட்தான் பழுது. டேங்க்கை வடித்து இறக்கும் அந்த வேலையைத் தொடக்கநிலையில் இருப்பவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

ஜெனரேட்டரும் ஒரு சாட்சி. பல மோட்டார்ஹோம்களில் அது இதே டேங்க்கிலிருந்துதான் பெட்ரோல் எடுக்கிறது; சுமார் கால் டேங்க் மிஞ்சும்போதே நின்றுவிடும்படி அதன் குழாயைக் குட்டையாக வைத்திருப்பார்கள். முள் பாதியில் நிற்க ஜெனரேட்டர் பெட்ரோல் கிடைக்காமல் அணைந்தால், முள்ளை நம்பாதீர்கள்.

பழுது நீங்கியதும் 5 கேலன் வீதம் ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பு முழுமையாகும்வரை, ஓடிய மைல் கணக்கை வைத்தே பெட்ரோல் போடுங்கள்.