தண்ணீரில் நின்றும் வாடிய கீரை: வீட்டுக்குள் மண்ணில்லாமல் வளர்க்கும் முறை

மயிலாடுதுறையில் நாங்கள் இருக்கும் வீட்டுக்குக் கொல்லை கிடையாது. சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு சிமென்ட் மேடை மட்டும் உண்டு. அதில் 6 டப்பாக்களில் பாலக்கும் சிறுகீரையும் நிற்கின்றன. வாரம் ஒரு நாள் கூட்டுக்கு ஆகிறது. முதல் முறை வைத்த செடிகள் அத்தனையும் அழுகிப்போயின. காரணம் புரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

மோட்டார் வைத்துத் தண்ணீரைச் சுற்றவிடும் குழாய் அமைப்புகளைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம். மதியம் மின்சாரம் போனால் வேர் காய்ந்துவிடும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி பரவலாக்கிய முறைக்கு மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரு டப்பாவில் சத்துநீர், மூடியில் ஓட்டை, ஓட்டையில் செடி.

டப்பா. 5 லிட்டர் மளிகை டப்பா போதும். வெளிச்சம் உள்ளே போகக் கூடாது. போனால் பாசி பிடித்துச் செடிக்குரிய சத்தைத் தின்றுவிடும். கறுப்பு பெயின்ட் அடித்து, அதன் மேல் வெள்ளை அடியுங்கள். கறுப்பு மட்டும் இருந்தால் சித்திரை வெயிலில் நீர் சுட்டுவிடும். மூடியில் 2 அங்குல வலைத்தொட்டி (வேர் வெளியே வரச் சுற்றிலும் ஓட்டையுள்ள சின்னத் தொட்டி) உட்காரும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள் போடுங்கள்.

விதை. தேங்காய் நார்க்கழிவைவிட எனக்குப் பஞ்சுதான் பிடித்திருக்கிறது. நார்க்கழிவில் உப்பு இருந்தால் மூன்று நான்கு முறை அலச வேண்டும், தூளும் நீரில் இறங்கும். பாத்திரம் தேய்க்கும் மிருதுவான பஞ்சை ஓர் அங்குலக் கட்டிகளாக வெட்டி, நடுவில் கீறி, சிறுகீரை என்றால் நான்கைந்து விதைகளும் பாலக் என்றால் இரண்டும் வையுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.

தண்ணீர். டெல்டாவில் கடலை நெருங்க நெருங்க ஆழ்குழாய் நீரில் உப்பு ஏறுகிறது. எதை வாங்காவிட்டாலும், நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். எங்கள் குழாய் நீர் 900 காட்டியது, அதில் சத்தைக் கலந்தால் இலை ஓரம் கருகியது. இப்போது ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து மூடிவைக்கிறேன். அது தீர்ந்தால் ஆர்.ஓ. நீர்.

சத்து என்பது ஏ, பி என்று இரண்டு பாட்டில்களாக வரும் திரவ உரம். ஏ-வில் கால்சியம், பி-யில் பாஸ்பேட்டும் சல்பேட்டும். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் சுண்ணாம்புபோல் திரிந்து அடியில் படிந்துவிடும். ஒன்றைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். நாற்றுக்கு மீட்டரில் 400 வரை, இரண்டு வாரம் கழித்து 800 வரை. நீரின் புளிப்புத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் கொழுந்து வெளுக்கும். எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன், இரண்டு நாளில் அளவு பழையபடி ஏறிவிட்டது. பாஸ்பாரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவதே நம்பகமானது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் தவறிய இடம். நாற்றில் மூன்று இலை வந்ததும் பஞ்சோடு வலைத்தொட்டியில் வைத்து, தொட்டியின் அடி ஒரு சென்டிமீட்டர் மட்டும் நனையும்படி நீர் நிரப்பினேன். இதுவரை சரி. செடி குடிக்கக் குடிக்க நீர் இறங்கியது. காலையில் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காமல் விளிம்புவரை ஊற்றிவைத்தேன். வயலில் தண்ணீர் கட்டிப் பார்த்தே வளர்ந்த கை. இரண்டு வாரத்தில், தண்ணீரில் நின்றுகொண்டிருந்த கீரை தண்ணீர் இல்லாததுபோல் துவண்டு தொங்கியது. மூடியைத் தூக்கினால் சாக்கடை வாடை. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, விரலில் வழுக்கிக்கொண்டு உரிந்து வந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நெல்லுக்கே காய்ச்சலும் பாய்ச்சலும் வேணும். கீரையை முக்கிவச்சா என்ன ஆகும் தம்பி?" என்றார். சரியான கேள்வி. நெற்பயிரின் தண்டுக்குள் காற்றறைகள் உண்டு, இலையிலிருந்து வேருக்கு அவை காற்றைக் கடத்தும். கீரைக்கு அப்படி இல்லை. நீர் இறங்கும்போது மூடிக்கும் நீருக்கும் இடையே உண்டாகும் ஈரமான வெளியில்தான் அது மூச்சு விடுகிறது. அந்த வெளியில் தொங்கும் வேர்களை உற்றுப் பாருங்கள்: பூனை முடிபோல் வெண்மையான துய்கள் அடர்ந்திருக்கும். காற்றுக்குப் பழகிய வேர்கள் அவை. அவற்றை மறுபடி மூழ்கடித்தால் அழுகும்.

எனவே கால்வாசி நீர் மிஞ்சும்வரை கை வைக்காதீர்கள். பிறகும் பாதி டப்பாவுக்கு மேல் ஊற்றாதீர்கள். உள்பக்கம் ஒரு கோடு கிழித்துவைத்தால் கை தானாக நின்றுவிடும்.

வெளிச்சம். ஜன்னலில் நாலு மணி நேர வெயில் வந்தால் விளக்கு வேண்டாம். வராவிட்டால் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப்லைட்டை இலைக்கு ஒரு சாண் மேலே கட்டி, 14 மணி நேரம் எரியவிடுங்கள். ஊதா நிற விளக்குகள் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒளியில் இலை பழுக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

பங்குனி முதல் ஆடி வரை லெட்யூஸ் முயல வேண்டாம், கசக்கும். அப்போது டப்பாவைத் தரையில் இறக்கி, நனைத்த கோணியைச் சுற்றிவையுங்கள். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும்.

பிறகு சேர்த்தது: பஞ்சகவ்யம் ஊற்றலாமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். மண்ணுக்கு அது அருமை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துத் தரும். அசையாத நீரில் அது புளித்து நாறி வேரைக் கெடுக்கும். வேண்டாம்.

மற்றொன்று: நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி, டப்பாவுக்குள் கொசுப்புழு நெளிவதாக எழுதியிருந்தார். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது. டெங்கு கொசு இப்படித் தேங்கிய நீரில் முட்டையிடும். வலைத்தொட்டியைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பஞ்சால் அடைத்து, காலியான ஓட்டைகளை டேப்பால் ஒட்டி, மூடி விளிம்பில் கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டுங்கள். புழுவைக் கண்டால் நீர் முழுவதையும் வெயிலடிக்கும் காய்ந்த தரையில் கொட்டிவிட்டு, டப்பாவைத் தேய்த்துக் கழுவி, புதிய சத்துநீரைப் பழைய மட்டத்துக்கே ஊற்றுங்கள்.